கிளை நூலகத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு: எங்கிருந்து ஆரம்பிப்பது? (தண்டையார்பேட்டை பக்கம்)

படிமேசை:

வணக்கம் தோழர்களே. எங்கள் பகுதிக் கிளை நூலக வாசகர் வட்டம் சார்பாக, பொங்கல் கழித்து எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு தொடங்கப் பேசி வைத்திருக்கிறோம். நூலகர் ஆதரவாக இருக்கிறார். தன்னார்வலர்கள் மூன்று பேர், கையில் 6,000 ரூபாய், ஒரு நீள மேசை, ஒரு கரும்பலகை. வரக்கூடியவர்கள் மீன் விற்கும் பெண்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு மூன்று ஆட்டோக்காரர்கள். பலர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள்.

தெரிய வேண்டியது: அ, ஆ-விலிருந்து ஆரம்பிப்பதா வேறு வரிசையா? எந்த நேரம் சரிப்படும்? வாசிப்பறையில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள், சத்தத்தை எப்படிச் சமாளிப்பது? உல்லாஸ் (மத்திய அரசின் வயதுவந்தோர் எழுத்தறிவுத் திட்டம்) தேர்வோடு இதை இணைக்கலாமா? பிள்ளைகளை என்ன செய்வது?

---

துணைக்கால்:

எழுத்து வரிசைக்கு முன்னால் வாசலைப் பாருங்கள். நூலகத்துக்குள் நுழைந்ததும் மேசைமேல் என்ன இருக்கிறது? வருகைப் பதிவேடு. பெயர், முகவரி, நேரம், கையொப்பம். எழுதத் தெரியாதவர் அதைப் பார்த்ததும் "அப்புறம் வரேன்" என்று திரும்பிவிடுவார். இதை நூலகரிடம் முதலிலேயே பேசுங்கள். வகுப்புக்கு வருகிறவர்களுக்குத் தனி நோட்டு, அதில் தன்னார்வலர் சத்தமில்லாமல் பெயர் எழுதிக்கொள்ளட்டும். மூன்றாவது வாரம் பெரிய பதிவேட்டில் அவர்களே கையெழுத்துப் போடுவதை முதல் இலக்காக வையுங்கள். வேறு பாராட்டு விழா வேண்டாம்.

குழந்தைகள் பகுதியின் குட்டி நாற்காலியில் பெரியவர்களை உட்கார வைக்காதீர்கள். சிலேட்டும் வேண்டாம். ஐம்பது வயதுக்காரர் கையில் சிலேட்டைக் கொடுத்தால் அவரை ஒண்ணாங்கிளாஸில் உட்கார வைத்த மாதிரிதான். கோடு போட்ட நோட்டு, பென்சில், இரண்டு வாரத்தில் பேனா.

முதல் நாள் யாருக்கும் தேர்வு வைக்காதீர்கள். பேச்சோடு பேச்சாக ஐந்து தாள்களை மேசையில் போடுங்கள்: பஸ் நம்பரும் ஊர்ப் பெயரும் எழுதிய அட்டை, பத்துத் தனிச்சொற்கள், நாளிதழ்த் தலைப்பு ஒன்று, நாலு வரி அறிவிப்பு, பேங்க் பணம் எடுக்கும் படிவம். எதுவரை கை போகிறது என்று பார்த்தால் மூன்று வகை பிரிந்துவிடும். எழுத்தே தெரியாதவர்கள், மூன்றாவது நாலாவது வரை படித்து மறந்தவர்கள், படிப்பார்கள் ஆனால் எழுத வராதவர்கள். இரண்டாம் வகையினர் மூன்று மாதத்தில் மேலே வந்துவிடுவார்கள். இவர்களை முதல் வகையோடு ஒரே மேசையில் உட்கார வைத்தால் ஒருவருக்குச் சலிப்பு, இன்னொருவருக்குக் கூச்சம். இரண்டு பேரும் நின்றுவிடுவார்கள்.

இப்போது வரிசை. அ, ஆ வேண்டாம். உயிரெழுத்துகளில் பலவும் எழுதச் சிக்கலானவை. இ, ஈ, ஔ எல்லாம் கை பழகாதவருக்குக் கோலம் மாதிரி. அச்சிட்ட பக்கத்தில் அவை பெரும்பாலும் சொல்லின் முதலில்தான் வரும், மற்றதெல்லாம் உயிர்மெய். 247 எழுத்தையும் வரிசையாக முடித்த பிறகுதான் சொல் என்றால் அதற்குள் ஆள் இருக்க மாட்டார்.

நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள்: ட, ப, ம, அதோடு புள்ளி, ா. இந்த ஐந்தை வைத்தே படம், பாடம், பட்டம், மாடம், மாமா, பாப்பா, டப்பா, பட்டா எல்லாம் படித்துவிடலாம். (பட்டா. வட சென்னையில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது.) அடுத்து க, ல, த, வ, ய, ர, ச, அதன்பின் ி, ு. இவ்வளவு வந்ததும் தெருப் பலகையில் பாதி பிடிபட ஆரம்பிக்கும். ஜ, ஷ, ஸ-வைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். ஷகிலா, ஜோதி, ஸ்டான்லி, பஸ் எல்லாம் அன்றாடம் கண்ணில் படுபவை.

தடுக்கி விழும் இடங்கள் நாலு.

முதலாவது என் பெயர்தான், துணைக்கால் (ா). அச்சில் ா-வும் ர-வும் ஏறக்குறைய ஒன்று போலத் தெரியும். "காரம்" என்ற சொல்லை எழுத்து தெரியாதவர் கண்ணால் பாருங்கள், க-வுக்குப் பக்கத்தில் இரண்டு ஒரே மாதிரிக் கால். அதனால் ா-வைத் தனியாகக் காட்டவே கூடாது. கா, பா, மா என்று ஒரே அட்டையில் ஒட்டியே காட்டுங்கள்.

இரண்டாவது கொம்பு. ெ, ே, ை எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். தேசம்மாள் என்ற பெயரில் பேனா முதலில் போடுவது ே, வாய் முதலில் சொல்வது த். "முன்னாடி எழுது, பின்னாடி சொல்லு" என்று விதி சொன்னால் குழப்பம் கூடும். இதையும் தே, மே, பே என்று முழு வடிவமாகப் பழக்குங்கள். கொ, கோ வந்தால் இரண்டு பக்கமும் அணைத்தபடி நிற்கும், அது அதன் பிறகு.

மூன்றாவது உகரம். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு இன்னொன்று. ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. வடிவக் குடும்பமாகப் பிரித்து ஒரு வாரத்துக்கு ஒன்று கொடுத்தால் ஏறும். க-வரிசை, ச-வரிசை என்று போனால் ஒவ்வொன்றும் புதுசாகத் தெரியும்.

நாலாவது ல, ள, ழ, ன, ண, ர, ற. முதல் மூன்று மாதம் எழுதும்போது இதைத் திருத்தாதீர்கள். படிப்பதில் மட்டும் சரி பாருங்கள். "பள்ளி"யைப் "பல்லி" என்று எழுதினவரைச் சிவப்பு மையால் வட்டம் போட்டால் அடுத்த வாரம் எழுதவே மாட்டார்.

கையெழுத்து பற்றி ஒரு எச்சரிக்கை. பேங்கில் கைநாட்டு வைத்துக் கணக்கு தொடங்கியவர், கற்றுக்கொண்ட உற்சாகத்தில் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் பணம் தர மாட்டார்கள். முதலில் கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்து மாதிரிக் கையெழுத்தைப் பதிய வேண்டும். அதற்கும் அவசரம் கூடாது. முப்பது முறை போட்டால் முப்பதும் ஒன்று போல இருக்கும்வரை கைநாட்டே பத்திரம்.

---

பேசின்பிரிட்ஜ்:

நேரம், காலண்டர், கண்ணாடி பத்தி மட்டும் சொல்றேன்.

மதியம் 2.15 முதல் 3.45. மீன் விக்கிறவங்க விடிகாலை காசிமேடு போய் ஏலம் எடுத்து, வித்துட்டு, குளிச்சு சாப்ட்டு வர அந்த நேரம் ஆகும். வீட்டு வேலைக்குப் போறவங்களுக்குக் காலை வீடு முடிஞ்சு சாயந்தர வீடு ஆரம்பிக்கறதுக்கு நடுவுல கிடைக்கற இடைவெளியும் அதான். பள்ளிக்கூடம் விடறதுக்குள்ள முடியணும். ஞாயித்துக்கிழமை வேண்டாம், மீன்காரங்களுக்கு அன்னைக்குத்தான் வியாபாரம். வெள்ளிக்கிழமை பெரும்பாலான கிளை நூலகத்துக்கு விடுமுறை. மிச்சம் அஞ்சு நாள்: சனி, திங்கள் முதல் வியாழன். ரெண்டாம் சனி மூடியிருக்குமான்னு நூலகர்ட்ட கேட்டுக்குங்க. ஆட்டோக்காரர்களுக்கு இந்த நேரம் ஒத்து வராது. அவங்களுக்கு ரெண்டு நாள் சாயந்தரம் தனியா, மூடறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. எழுத்தே தெரியாதவருக்குத் தோராயமா 200 மணி நேரம்ங்கறதுதான் அரசுத் திட்டத்துலயும் வெச்சிருக்கற அளவு. வாரம் மூணு நாள், ஒன்றரை மணி நேரம்னா 45 வாரம் ஆகும். நடுவுல ஐப்பசி, கார்த்திகை வந்துரும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டையில தண்ணி நின்னா வகுப்பு நின்னுரும், நின்ன வகுப்பு தை மாசம் திரும்ப ஓடாது. வாரம் அஞ்சு நாள்னா 27 வாரத்துல முடியும். பொங்கல் கழிச்சு ஆரம்பிச்சா ஜூலை கடைசி. திருவிழா, கல்யாணம், ஆடி மாசக் கூழ்னு போனது போக ஆகஸ்ட்ல முடிச்சுடலாம். மழைக்கு முன்னாடி கரையேறிடலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போற ஆம்பளைங்க அப்போதான் கரையில இருப்பாங்க. அவங்களுக்குக் கையெழுத்து, படிவம், எண் மட்டும் வெச்சு 8 வாரத்துல ஒரு குறும்பயிற்சி போடலாம். முழு வகுப்புல சேருங்கன்னு கூப்பிட்டா வர மாட்டாங்க.

கண்ணாடி. இது பாதிப் பேருக்குத் தோணாது. நாப்பது தாண்டினா வெள்ளெழுத்து, கிட்ட இருக்கற எழுத்து மங்கும். "எனக்கு மண்டையில ஏறல"ன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு மண்டையில கோளாறு கிடையாது, எழுத்தே கண்ணுக்குத் தெரியல. முதல் நாளே ஊசியும் நூலும் குடுத்துக் கோக்கச் சொல்லுங்க. கையைத் தள்ளி நீட்டி வெச்சுக் கோத்தா புரிஞ்சுரும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கு, ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலயும் பார்க்கலாம். சர்க்கரை, புரை இருக்கான்னும் அங்கயே தெரிஞ்சுரும், அதனால ரெடிமேட் கண்ணாடியோட நிறுத்திக்காதீங்க. ஆனா வகுப்புப் பெட்டியில +1.5, +2, +2.5ன்னு மூணு கண்ணாடி கிடக்கட்டும். உங்க 6,000ல முதல் செலவு இது. பாடம் எழுதற தாள்ல எழுத்து தடிமனா, கட்டை விரல் நகம் அளவுக்காவது இருக்கணும். மாசத்துக்கு மாசம் சின்னதாக்கி கடைசியில நாளிதழ் அளவுக்குக் கொண்டு வாங்க.

சத்தம்: படிக்கப் பழகறவங்களை வாய்க்குள்ள படிங்கன்னு சொல்லவே கூடாது. எழுத்தைப் பார்த்து, சத்தமா சொல்லி, அது தன் காதுல விழுந்தாத்தான் ஒட்டும். அதனால வேற அறை, இல்லன்னா வராந்தா. ரெண்டுமே இல்லன்னா 2.15-3.45 சத்த நேரம்னு பலகை எழுதி, தேர்வுக்குப் படிக்கற பசங்ககிட்ட முன்கூட்டியே பேசிடுங்க. அவங்கள்ல நாலு பேரைத் தன்னார்வலராவும் பிடிக்கலாம், நல்லாச் சொல்லித் தருவாங்க. ஆனா குரூப் 4 அறிவிப்பு வந்த மறுநாள் காணாம போயிடுவாங்க. ஒரு மேசைக்கு ரெண்டு பேரா போடுங்க, ஒருத்தர் போனாலும் மேசை நிக்கும். மேசைக்கு எட்டு பேருக்கு மேல வேண்டாம்.

உல்லாஸ்: புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 2022 முதல் 2027 வரை, 15 வயசுக்கு மேல. தமிழ்நாட்டுல பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் நடத்துது. தேர்வு 150 மதிப்பெண்: வாசிப்பு 50, எழுத்து 50, எண்ணறிவு 50. மூணு மணி நேரம். ஒவ்வொண்ணுலயும் 33 சதவீதம். இணைக்கறதுல தப்பில்ல, பக்கத்து அரசுப் பள்ளி மையத்துல பேர் பதியச் சொல்லுங்க. சொல்லித் தர்றவங்களுக்குச் சம்பளம் கிடையாது, அது முன்னாடியே தெரிஞ்சிருக்கட்டும். "தேர்வு"ங்கற சொல்லை மட்டும் ஆறாவது மாசம் வரைக்கும் வாயில எடுக்காதீங்க.

ஆட்டோக்காரர்கள் "எட்டாவது சர்டிபிகேட் கிடைக்குமா?"ன்னு கேப்பாங்க. இது அது இல்ல. எட்டாவதுக்குத் தனித்தேர்வர் தேர்வு வேற, அதுக்கு 12½ வயசு முடிஞ்சிருக்கணும், அவ்வளவுதான். ஓட்டுநர் உரிமத்துக்கு எட்டாவது கட்டாயம்ங்கற விதியை 2019லயே எடுத்துட்டாங்க. இது தெரியாம அலையறவங்க இன்னும் இருக்காங்க.

---

கறார்:

துணைக்கால் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. எழுத்து தெரிந்த பிறகு வாக்கியம் எதிலிருந்து எடுப்பது என்பதை யாரும் தொடவில்லை. பல இடங்களில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: கற்பவர் தன் நாளைப் பற்றிச் சொல்வார், தன்னார்வலர் அதை அப்படியே எழுதுவார், கற்பவர் அதையே படிப்பார். "காலைல காசிமேடு போய் மீன் எடுத்துகினு வந்தேன்." கேட்க நன்றாக இருக்கும். எனக்கு ஒப்புதல் இல்லை. ரேஷன் கடைப் பலகையில் "எடுத்துகினு" என்று எங்கே இருக்கிறது? அவர்கள் நூலகத்துக்கு வந்தது பலகையும் படிவமும் படிக்க. வீட்டில் பேசுவதையே எழுதிக் கொடுத்தால் "இது புக்குத் தமிழ் இல்லியே" என்று அவர்களே கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அவர்களுக்கு இது போதும் என்று நீங்கள் முடிவு கட்டின மாதிரி ஆகிவிடும்.

---

துணைக்கால்:

மரியாதை பற்றிச் சொன்னது சரி. ஆனால் மறுபக்கம் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் வாயால் "எடுத்துகினு" என்று சொன்னதை நீங்கள் "எடுத்துக்கொண்டு" என்று எழுதிவிட்டீர்கள். அவர் அதைப் படிக்கும்போது விரல் "எடுத்துக்கொண்டு" மேல் இருக்கும், வாய் "எடுத்துகினு" என்றே சொல்லும். நினைவிலிருந்து ஒப்பிக்கிறார். எழுத்துக்கும் ஒலிக்கும் இடையில் அப்போதுதான் விழுந்துகொண்டிருக்கும் முடிச்சு அவிழ்ந்துவிடும். நீங்களோ நன்றாகப் படிக்கிறார் என்று நினைத்துக்கொள்வீர்கள். சோதிக்க வேண்டுமானால் வாக்கியத்தின் நடுச்சொல்லை மட்டும் விரலால் காட்டிக் கேளுங்கள்.

சண்டை போடாமல் தாண்ட ஒரு வழி உண்டு. முதல் இரண்டு மாதம் வாக்கியமே வேண்டாம், பட்டியல் போதும். பெயர்ச்சொல்லில் பேச்சும் எழுத்தும் அதிகம் விலகாது. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, இறால், நண்டு, மத்தி, பக்கத்தில் கிலோ விலை. விலைப் பலகை எழுதுவது அவர்களுக்கு நாளைக்கே உதவும் வேலை. பிறகு மளிகைச் சீட்டு, சீட்டுப்பணக் கணக்கு, வீட்டு ஆட்கள் பெயர். வாக்கியம் வரும்போது இரண்டு வரியாக எழுதுங்கள்: மேலே அவர் சொன்னது, கீழே எழுத்துத் தமிழ். எது எங்கே புழங்கும் என்று சொல்லிவிட்டால் போதும், அவர்கள் புரிந்துகொள்வார்கள். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசுகிறவர்களுக்கு இந்த இரண்டு வரி இன்னும் அவசியம். ஒரே க "கடல்", "தங்கம்", "பகல்" மூன்றிலும் மூன்று விதமாக ஒலிப்பது தமிழ் பேசுகிறவருக்குத் தானாக வரும், அவர்களுக்கு வராது. ஒவ்வொரு சொல்லையும் முதலில் நீங்கள் சொல்லிக் காட்ட வேண்டும்.

---

கறார்:

பட்டியல் யோசனை சரி. இரண்டு வரியை நாலு வாரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

---

கதைப்பாய்:

பிள்ளைகள் விஷயம். வகுப்பு நேரத்தில் பள்ளிக்குப் போகாத சின்னதுகள்தான் கூட வரும். ஒரு பாய், பத்துப் படப் புத்தகம், ஒரு தன்னார்வலர். அதைக் குழந்தை பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாக நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பமாகப் படிப்பது என்றால் தனியாக வாரம் ஒரு நாள், சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம். முதல் 25 நிமிடம் அம்மாக்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். அம்மாக்கள் அன்றைய புத்தகத்தை முன்கூட்டிப் பார்த்து வைத்துக்கொள்வார்கள். அடுத்த 25 நிமிடம் ஜோடியாகப் பாயில். கடைசிப் பத்து நிமிடம் புத்தகம் எடுத்துப்போக.

முன்கூட்டிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். பிள்ளை முன்னால் தடுமாற யாருக்கும் விருப்பம் இருக்காது. எழுத்தே வராத அம்மாவுக்குச் சொல் இல்லாத படக்கதை கொடுங்கள். படத்தைப் பார்த்துக் கதை சொல்வதும் படிப்புதான், எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில். ஒவ்வொரு படத்திலும் ஒரு கேள்வி, பிறகு மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை சும்மா இருப்பது. இந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். பெரியவர்கள் கேள்வி கேட்ட வாயாலேயே பதிலையும் சொல்லிவிடுவார்கள்.

பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்துக்காக வந்த சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாக இருக்கின்றன. முதல் இரண்டு படியும் பிள்ளைக்கும் பொருந்தும், எழுத்து பழகும் அம்மாவுக்கும் பொருந்தும். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம், அங்கேயும் படிநிலை போட்டிருப்பார்கள்.

இதில் கெடுவது எங்கே என்றால், நாலாவது ஐந்தாவது படிக்கிற பிள்ளை அம்மாவுக்கு டீச்சர் ஆகிவிடும். "இதுகூடத் தெரியலயா?" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அம்மா அடுத்த வாரம் வர மாட்டார். பிள்ளைகளுக்கு முதலிலேயே ஒரே விதி: அம்மா பக்கத்தை முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது, முடித்ததும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்கலாம்.

புத்தகம் வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பயம். கிழிந்தால் காசு கேட்பார்களோ என்று. நூலகத்துப் புத்தகத்துக்கு விதி விதிதான், அதனால் முதல் இரண்டு மாதம் அச்சிட்ட கதைத் தாள்களை மட்டும் கொடுத்து அனுப்புங்கள். கிழித்தால் கிழிக்கட்டும். பழகியதும் பிள்ளை பெயரில் உறுப்பினர் அட்டை. படிவத்தை அம்மாவே நிரப்பட்டும், அதுவே ஒரு வாரப் பாடம்.

இன்னொன்று: பள்ளி டைரி. நாளை, விடுமுறை, கட்டணம், கொண்டு வரவும், பெற்றோர் கூட்டம், கையொப்பம். இந்தச் சொற்கள் பிடிபட்டால் டைரிக் குறிப்பில் பெரும்பகுதி புரியும். அம்மாக்களுக்கு மற்ற எந்தப் பாடத்தையும்விட இது சீக்கிரம் ஏறும்.

---

படிமேசை:

மிக்க நன்றி. எண் பற்றியும் போன் பற்றியும் ஒரு வார்த்தை? நோட்டீஸில் என்ன எழுதுவது?

---

பேசின்பிரிட்ஜ்:

மனக்கணக்குல அவங்க உங்களுக்கு வாத்தியார். கூட்டல் சொல்லித் தர உட்காராதீங்க. எழுதறதுலதான் தவறும். நூத்தி அஞ்சுன்னு சொன்னா 1005ன்னு எழுதுவாங்க, காதுல 100ம் 5ம் தனித்தனியா விழறதால. 100ன்னு ஒரு நீள அட்டை, 5ன்னு ஒரு குட்டி அட்டை. குட்டி அட்டையைக் கடைசிப் பூஜ்யத்து மேல வெச்சா 105. ரெண்டு நாள் இதைக் கையால செஞ்சா தெளிவாயிடும். அப்புறம் கரண்ட் பில்லைக் கொண்டு வரச் சொல்லுங்க, யூனிட் எது, ரூபா எது, கடைசித் தேதி எதுன்னு விரல் வெச்சுக் காட்டட்டும்.

போன்ல பேங்க் மெசேஜ் இங்கிலீஷ்ல வருது. இருபத்தாறு எழுத்தையும் சொல்லித் தர வேண்டாம். கிரெடிட், டெபிட், பேலன்ஸ், ஓடிபி, இந்த நாலும் இங்கிலீஷ்ல எப்படி இருக்கும்னு படமா அட்டையில எழுதிப் பழக்குங்க. கூடவே ஒரு விஷயத்தைத் தினமும் சொல்லுங்க: பின் நம்பர் போடறது பணம் அனுப்ப, எடுக்க, பேலன்ஸ் பார்க்கத்தான், அடுத்தவங்ககிட்டருந்து பணம் வாங்க எதுவும் போட வேண்டியதில்ல. "பணம் வரணும்னா பின் போடுங்க"ன்னு எவன் சொன்னாலும் அவன் திருடன்.

நோட்டீஸை நூலக வாசல்ல ஒட்டினா படிக்கத் தெரிஞ்சவங்கதான் பார்ப்பாங்க. ரேஷன் கடை வரிசை, அங்கன்வாடி, மகளிர் குழுக் கூட்டம், மீன் கடை வரிசைன்னு போய் வாயால சொல்லுங்க. எழுத்தறிவு, முதியோர் கல்வி மாதிரி வார்த்தையெல்லாம் வேண்டாம். "பேங்க் ஃபாரம் எழுத, போன்ல நம்பர் போட, பேர் எழுத லைப்ரரில மத்தியானம் சொல்லித் தர்றாங்க, காசு இல்ல" அப்படின்னா போதும்.

---

துணைக்கால்:

கூடவே மாவட்ட நூலக அலுவலருக்கு நூலகர் வழியாக ஒரு கடிதம் கொடுத்து ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நூலகர் மாற்றலாகிப் போனால் வகுப்பும் சேர்ந்து போகாமல் இருக்க அந்தத் தாள் வேண்டும். சத்தம் என்று யாராவது புகார் சொன்னால், 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி போகிறது, வகுப்புக்கு வருகிறவர்கள் கொடுக்கும் வாடகையில் அதுவும் அடக்கம் என்று சொல்லுங்கள்.

---

படிமேசை:

கடிதம் இந்த வாரமே கொடுத்துவிடுகிறோம். பட்டா, டப்பா, பாப்பா அட்டைகளைப் பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வெட்ட ஆரம்பித்தாயிற்று. யாரிடமாவது +2 கண்ணாடி சும்மா கிடந்தால் சொல்லுங்கள்.